பதினேழாம் நம்பர் சுத்தியல்

காட்டு இலாகாவில் அவரை முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆள் ஐந்தே கால் அடி. கைகள் மட்டும் ஆறடி ஆளுக்கு உரியவை. அந்தக் கையில் இருபத்தொன்பது வருடமாக ஒரு சுத்தியல் இருந்தது. அதன் ஒரு முனையில் பதினேழு என்ற எண்ணைப் புடைப்பாக வார்த்திருப்பார்கள்.

காட்டில் எந்த மரம் நிற்கலாம், எது விழ வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. விழ வேண்டிய மரத்தில் மார்பளவு உயரத்தில் பட்டையைச் செதுக்கிவிட்டு ஒரு அடி அடிப்பார். தரையை ஒட்டி இன்னொரு அடி. மேலே அடித்தது மரத்தோடு லாரி ஏறிப் போய்விடும். கீழே அடித்தது அடிக்கட்டையோடு காட்டிலேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து எவனாவது வந்து, "இந்த மரத்தை எந்தப் புண்ணியவான்யா வெட்டச் சொன்னது?" என்று கேட்டால் அடிக்கட்டை பதில் சொல்லும். பதினேழு என்று சொல்லும்.

அந்த எண்ணின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி தன் வீட்டு மேஜைக்காக நல்ல மரம் ஒன்றைக் காட்டி, "இதுக்கு ஒரு அடி போடேன்" என்றார். முத்திரை மரத்தைச் சுற்றி வந்தார். சுத்தியலின் மொட்டைப் பக்கத்தால் நாலு இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "மரத்துக்கு ஒரு சீக்கும் இல்ல சார். உங்களுக்கு மேஜை இல்லாத சீக்குதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்காக அவரை ஒரு வருடம் சதுப்புப் பக்கம் தூக்கியடித்தார்கள். போனார், கொசுக்கடி பட்டார், திரும்பி வந்தார். மனிதருக்கு நிலம் கிடையாது, வீடு கிடையாது. குடியிருந்தது இலாகா குவார்ட்டர்ஸ். பதினேழு அடித்தால் அது செத்த மரம்தான் என்று ஊரே நம்பியது. அவர் சொத்து என்றால் அந்த ஒரு பேர்தான்.

மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. மூட்டையைப் பிரிக்கும் முன்பே மோந்து பார்த்து, இது பிரசவ வார்டு, இது ஆபரேஷன் அறை என்று சொல்லிவிடுவாள். "உன் மூக்குக்கும் என் காதுக்கும் நிச்சயம் பண்ணின கல்யாணம்டி இது" என்று முத்திரை கிண்டல் செய்வார். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் அவளுடைய தம்பி இருந்தான்.

மைத்துனனுக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. முத்திரை அடித்த மரங்களை வெட்டும் கூட்டத்தில் அவன்தான் ரம்பக்காரன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாப்பாடும் துணி துவைப்பும் அக்கா வீட்டில். வாய் இருக்கிறதே, வங்காளவிரிகுடா. இரண்டு நிமிஷம் பேசினால் எதிரிகூடச் சிரித்துவிடுவான். மச்சான் தயவு இருந்தால் மலை ஏறிப் பிழைக்கலாம் என்று ஒரு பழமொழி உண்டு. முத்திரை மச்சானை நம்பி மலை ஏறினார். அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் கண்ணில் ஒரு மங்கல் விழுந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துபோகும். ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். ஆளைப் பார்த்தால் முகம் இருக்காது, தோள் இருக்கும். டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரை தேய்ந்துவிட்டது, இதற்குக் கண்ணாடியும் இல்லை ஆபரேஷனும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியது மனைவி.

"இதை ஆபீசுல காட்டினா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குவார்ட்டர்ஸும் போயிடும்" என்றாள். "இன்னும் மூணு வருஷம்தானே? தம்பியைக் கூடக் கூட்டிட்டுப் போங்க. அடிமரம் உங்களுக்குக் கை வச்சாலே தெரியும். உச்சியை அவன் பாத்துச் சொல்லட்டும்."

"அது தப்பில்லையா?"

"யாருக்குத் தப்பு? அவன் என்ன வேத்து ஆளா?"

மைத்துனன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "மாமா, இனி என் கண்ணு உங்க கண்ணு. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது."

முத்திரை அன்றைக்கு அவன் தட்டில் தன் பங்கு ரொட்டியையும் எடுத்து வைத்தார்.

செய்தது தப்புதான். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. கண் தெரியாத ஆள் மரத்துக்குச் சாவுச் சீட்டு எழுதக் கூடாது. ஆனால் முதல் ஒன்றரை வருடம் அந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது. முத்திரை பட்டையைத் தடவுவார், தட்டுவார், காது வைப்பார். மைத்துனன் பெயின்ட் டப்பாவும் அளவு நாடாவுமாக நின்று உச்சியைப் பார்த்துச் சொல்வான். "மேல நல்லா பச்சையா இருக்கு மாமா, விடுங்க." "இதுல பாதிக் கிளை பட்டுப்போச்சு மாமா, போடுங்க." கேட்ட பிறகு சுத்தியல் விழும்.

இந்த வருட ஆரம்பத்தில் வடக்குச் சரிவின் முறை வந்தது. அங்கே பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். மரங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும். ஒரு புல்கூட முளைக்காத நிழல். விறகு பொறுக்குகிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

"இங்க ஏதோ நோய் இறங்கியிருக்கு மாமா. உச்சி கருகிப்போச்சு" என்றான் மைத்துனன்.

முத்திரை தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. "சத்தம் கெட்டியா இருக்கே மாப்ள."

"நோய் மேல இருந்துதானே கீழ வரும்? அடிமரத்துக்கு வந்து சேர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள பக்கத்து மரத்துக்கெல்லாம் ஒட்டிக்கும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படி நோய் உண்டு. முத்திரை அடித்தார். நாற்பது தப்படி தள்ளி இன்னொன்று. அதற்கும் கணீர் சத்தம். ஏழாவது மரத்தில் சுத்தியலை இறக்கிவிட்டு நின்றார்.

"மாப்ள, என் காது ஒத்துக்கமாட்டேங்குது."

மைத்துனன் அவர் தோளில் கை போட்டான். "மாமா, உங்க காதை நம்புறீங்களா, என்னை நம்புறீங்களா?"

பாவி மனுஷர், இருபத்தொன்பது வருடம் சோறு போட்ட காதை ஒதுக்கிவிட்டு அவனை நம்பினார். மொத்தம் பதினொரு மரங்கள். மைத்துனனே வெட்டிச் சாய்த்தான்.

வெட்டிய மரம் மூன்று மாதம் சாலையோரம் கிடந்து காய்ந்த பிறகுதான் லாரி வரும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. லாரிக்காரர் பழைய பழக்கம். ஏற்றி முடித்துவிட்டு, ஆபீஸ் வாசலில் நின்ற முத்திரையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, இந்தத் தடவை தங்கமான மரம் குடுத்திருக்கீங்க. பதினொண்ணுல ஒரு பொந்து இல்ல, ஒரு பூச்சி இல்ல. இதையெல்லாம் எதுக்கு வெட்டினாங்கன்னு நம்ம பசங்களே கேக்குறாங்க."

அவர் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். மைத்துனன் அன்று ரம்பத்துக்குப் பல் தீட்ட டவுனுக்குப் போயிருந்தான். முத்திரை யாரிடமும் சொல்லாமல் தனியாக வடக்குச் சரிவுக்கு நடந்தார். பாதை காலுக்குத் தெரியும்.

நிழல் குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று தலை சுட்டது. அண்ணாந்தார். மேலே வெளிச்சம். முதல் மரம் நின்ற இடம். குனிந்து அடிக்கட்டையைத் தேடி விரலால் தடவினார். வளையங்கள் நெருக்கமாக, வழுவழுப்பாக, ஒரு சொத்தை இல்லாமல் இருந்தன. தரையோரம் தடவினால் பதினேழு. நல்ல மரம். கொன்றது அவர்.

நிமிர்ந்து கையை நீட்டியபோது ஏதோ செடி முகத்தில் உரசியது. அவர் தோளுயரம் இருந்தது. அந்தச் சரிவில் அப்படி ஒரு செடி அவர் பார்த்ததில்லை. இலையைப் பிடித்துப் பார்த்தார். விரல் விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் அரம் மாதிரி இருந்தது. நுனியில் கொத்துக் கொத்தாகப் பிசுபிசுப்பு. மோந்தார். ஒரு காரமான, தலைக்கு ஏறும் வாடை. இலாகாவில் இத்தனை வருடம் இருந்தவருக்கு அதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். கஞ்சா. காலடியில் ஒரு ரப்பர் குழாய் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நிழல், சூடு, மறுபடி நிழல், மறுபடி சூடு. பதினொரு தடவை தலை சுட்டது. பதினொரு இடத்திலும் செடி.

செடிக்கு வெயில் வேண்டும். வெயிலுக்கு மரம் விழ வேண்டும். முத்திரை இல்லாத மரத்தை வெட்டினால் ஜெயில். அதனால் மைத்துனன் முத்திரையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அடிக்க வைத்திருக்கிறான். அவருக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. தோளில் விழுந்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவர் ஒரு அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு ஒரு கொத்து இலையைப் பறித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் நுழைந்ததும் மனைவி, "ஏங்க, சட்டையைக் கழட்டிக் குடுங்க, தனியா ஊறப்போடணும். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கோங்க" என்றாள்.

இவரும் கழற்றிக் கொடுத்துவிட்டார். மனம் வேறு எங்கோ இருந்தது. சட்டை வாளியில் விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன வாடைன்னு நீ கேக்கவே இல்லையே?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அவன் துணியைத் துவைக்கிறவ நீ. உனக்குத் தெரியும், இல்ல?"

"மோந்தப்பவே தெரிஞ்சுது" என்றாள். "கேட்டேன். இந்த ஒரு தடவைதான் அக்கான்னு கால்ல விழுந்தான். நான் என்னங்க பண்ணட்டும்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க நேரா ஆபீசுக்குப் போவீங்க."

"இப்பவும் போகத்தான் போறேன்."

அவள் ஓடி வந்து ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வனச்சரகத்துக்கு அதிகாரியான ரேஞ்சரம்மா சனி ஞாயிறு ஊரில் இல்லை, திங்கட்கிழமை போகலாம், அதற்குள் தம்பியிடம் பேசி அவனையே போய் ஒப்புக்கொள்ள வைக்கிறேன், தானாக ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றாள். "எனக்காக ரெண்டே ரெண்டு நாள். உங்க பேருக்கு ஒண்ணும் வராது, நான் பொறுப்பு" என்று அழுதாள்.

முப்பது வருடத் தாம்பத்தியம். அவர் சரி என்றார்.

அந்த இரண்டு நாளும் அவரை அவள் தாங்கு தாங்கென்று தாங்கினாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது. மைத்துனன் வரவில்லை. வெட்கப்படுகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகு அவனுக்காக மனசு கொஞ்சம் இளகவும் செய்தது. என்ன ஜென்மமோ!

திங்கட்கிழமை காலை, துவைத்து இஸ்திரி போட்ட அதே சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ரேஞ்சரம்மாவின் அறையில் ஏற்கெனவே ஒரு தோள் தெரிந்தது. முகம் தெரிய வேண்டியதில்லை. மைத்துனன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க. நீங்களே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் ரேஞ்சரம்மா. நல்ல பெண்மணி; குரலில் வருத்தம் இருந்தது. "உங்க மச்சினர் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

முத்திரைக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. பையன் ஒப்புக்கொண்டுவிட்டான்!

"எத்தனை நாளா உங்களுக்குக் கண் தெரியல?"

அவர் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார்.

"வடக்குச் சரிவுல பதினொரு நல்ல மரத்துக்கு முத்திரை போட்டிருக்கீங்க. வேணாம் மாமா, மரம் பச்சையா இருக்குன்னு இவர் கெஞ்சியிருக்கார், நீங்க கேக்கல. பெரியவரை எப்படிக் காட்டிக்குடுக்கறதுன்னு இத்தனை நாள் பயந்துட்டு இருந்திருக்கார்." மேஜை மேல் ஒரு தாள் சரசரத்தது. "டாக்டர் சர்டிஃபிகேட் இது. உங்களுதுதானே?"

பீரோவின் சாவி மனைவியின் இடுப்பில்தான் இருக்கும். இரண்டு நாள் உபசாரத்தின் கணக்கு அவருக்கு அந்த நொடியில் புரிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அங்க கஞ்சா போட்டிருக்கான். நானே தொட்டுப் பாத்தேன். வெயில் விழறதுக்காக என்னை ஏமாத்தி அடிக்க வச்சான்."

"ஒரு இலையாவது கொண்டு வந்தீங்களா?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை சுத்தமாக, மொடமொடப்பாக இருந்தது. சோப்பு வாசம் வந்தது.

சும்மா விடவில்லை ரேஞ்சரம்மா. இரண்டு காவலர்களையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாகச் சரிவுக்குப் போனார்கள். பதினொரு இடத்திலும் மண் கிளறித்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கன்று நின்றது. பக்கத்தில் அதே ரப்பர் குழாய்.

"மாமா தெரியாம பண்ணின பாவத்துக்கு என்னால முடிஞ்சது மேடம். லீவு நாள்ல நட்டேன்" என்றான் மைத்துனன். குரல் தழுதழுத்தது. படுபாவி, அழக்கூடச் செய்தான்.

முத்திரை மண்டியிட்டு மண்ணை அள்ளினார். "மோந்து பாருங்க மேடம்! வாடை போயிருக்காது!" ரேஞ்சரம்மா மோந்து பார்த்தார். சாண எருவின் நாற்றம் குப்பென்று அடித்தது. காவலர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் முத்திரையிடம் தொழில் கற்றவர்கள், அவர் மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையினால்தான் பார்க்கவில்லை.

"அதோ நேரா இருக்கிற மரத்தோட உச்சி எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றார் ரேஞ்சரம்மா மெதுவாக.

முத்திரை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். உச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்.

"பச்சையா இருக்கு மாமா" என்று காதோரம் ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"தெரியல மேடம்" என்றார் முத்திரை.

சுத்தியலை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் கேஸ் இல்லை, மருத்துவக் காரணத்தால் ஓய்வு என்று முடிந்தது. அது போதாதென்று ஒரு சுற்றறிக்கை போனது: பதினேழாம் எண் முத்திரை விழுந்து இன்னும் வெட்டாமல் நிற்கும் மரங்களை எல்லாம் வேறு ஆள் மறுபடி பார்க்க வேண்டும், பழைய அடிக்கட்டைகளையும் சோதிக்க வேண்டும். காவலர் ஒருவர் அதைப் படித்துக் காட்டியபோது முத்திரை பாதியில் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ரம்பக்காரனுக்கு நேர்மைக்காக ஒரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

வீட்டில் மனைவி கதவோரமாக நின்றிருந்தாள்.

"சாவியை நீயே குடுத்தியா, அவன் எடுத்தானா?"

"நானே எடுத்துக் குடுத்தேன்." தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். பொய் சொல்லவில்லை அவள், அந்த மட்டில் சரி. "அவன் உள்ள போனா பத்து வருஷம். உங்களுக்கு வேலை மட்டும்தானே போச்சு? எப்படியும் ஒருநாள் போகப்போற வேலைதானே? ரெண்டு பேருமே வெளிய இருக்கீங்க. அதைப் பாருங்க."

"பொறுப்புன்னு சொன்னியே."

"என் நிலைமையில இருந்து பாருங்க."

"என் பேரைக் குடுத்து உன் தம்பியை வாங்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானேகூடக் குடுத்திருப்பேனோ என்னமோ. கேக்காம எடுத்துட்டியேடி."

அவள் அழுதாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். வாடகை வீடு பார்த்தது மைத்துனன், வண்டி பிடித்தது மைத்துனன், பீரோவை முதுகில் சுமந்து போனதும் அவனே. மூச்சிரைக்க வேலை செய்தான். அவர் அவனோடு பேசவில்லை. புது வீட்டில் சாமான்களை இறக்கி முடித்த பிறகு, உள்ளே இருக்கப் பிடிக்காமல் முத்திரை தெருவுக்குப் போக எழுந்தார். பழகாத வாசல். நேரே பார்த்தால் சாம்பல் வட்டம், ஓரத்தில் கதவின் நிலை.

"பாத்து மாமா, ரெண்டு படி இருக்கு" என்றான் மைத்துனன் கீழே இருந்து.

அவர் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு படிதாங்க, இறங்குங்க" என்றாள் மனைவி உள்ளே இருந்து.

முத்திரை நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். குனிந்து கையால் துழாவினார். ஒரு படி. அதற்குக் கீழே இன்னொரு படி. உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கி, சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டு படிகள்தான். அவர்கள் சொன்னது உண்மைதான். இருந்தும் தெருவில் நின்ற பிறகு அவர் கால், இல்லாத மூன்றாவது படியை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தது.